கைப்பிடி அரிசிப் பெட்டியும் என் வலது கையும்

என் வலது முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு தழும்பு இருக்கிறது. வெட்டுப்பட்டதோ சூடுபட்டதோ இல்லை. தோல் ஒரு கோடு போலக் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. கிட்டாரின் விளிம்பு அழுத்தி அழுத்தி வந்தது. டாக்டரிடம் கையைக் காட்டும்போதெல்லாம் அவர் அதைப் பார்த்து என்னவென்று கேட்பார். கிட்டார் என்று சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார். நானும் அவர் முகத்தைப் பார்ப்பேன். நம்பினால் நம்பட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. எனக்கு மாட்டுங்காவில், ஆபீஸ் பையன்கள் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸில் மாவாட்டுகிற வேலை. அந்த மெஸ்ஸை நடத்தியவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேச்சு இனிப்பாக இருக்கும், ஆட்டுரல் பெரிதாக இருக்கும். தினமும் நடந்துபோய், ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் ஆட்டி வழித்துக் கொடுத்துவிட்டு, நடந்தே திரும்புவேன். திரும்பும்போது கை தோளில் தொங்குகிற ஈரத் துணி மாதிரி இருக்கும்.

அந்தக் கையை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை சபையில் கிட்டார் வாசித்தேன்.

முதலில் வாசித்தவர் என் வீட்டுக்காரர்தான். கிட்டாரும் அவருடையதுதான். பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு கோவாக்காரர் ஊருக்குப் போகும்போது அவரிடம் விட்டுவிட்டுப் போனது. நன்றாக வாசிப்பார். ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் போட்டு எடுத்து எடுத்து அவருடைய விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிற்று. இடது கை விரலால் கம்பியை அமுக்கினால் ரத்தம் கசியும். வலது கைக்கு ஒன்றும் இல்லை. தட்டுகிற கைக்கு நுனி வேண்டாம். எனக்கு நேர்மாறு. மாவு தள்ளுகிற இடது கை நன்றாக இருந்தது, குழவி சுற்றுகிற வலது கை போய்விட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல ஜோடிக் கை ஒன்றுதான் இருந்தது. வீட்டில் சில நாள் அப்படியே வாசிப்போம். நான் கம்பியை அமுக்குவேன், அவர் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டித் தட்டுவார். சபையில் அப்படி உட்கார முடியுமா? அதனால் நான் வாசிக்க வேண்டியதாயிற்று.

ஆரம்பத்தில் தோளிலிருந்து கையைச் சுற்றுவேன். எனக்கு வேறு பழக்கம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"ஏளா, மாவாட்டாத."

"பின்ன எப்படி?"

"கை கழுவிட்டுத் துடைக்கத் துணி இல்லாம உதறுவியே, அந்த மாதிரி உதறு. மணிக்கட்டுதான் ஆடணும். தோள் சும்மா கெடக்கட்டும்."

உதறிப் பார்த்தேன். வந்தது. எனக்கு நகம் நிற்காது, ஈரத்திலேயே இருந்து ஊறிப்போன கை. கட்டைவிரல் சதையால்தான் தட்டுவேன். வட்டத் துளைக்கு நேர் மேலே தட்டினால் சத்தம் உருண்டு வரும், பானைக்குள் பேசினது மாதிரி. அந்தச் சத்தம்தான் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் சபை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. பாதிரியாரை ஐயர் என்போம்; ஐயர் மாதம் ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் நடத்துவார். வலதுபக்கம் ஆண்கள், இடதுபக்கம் பெண்கள், எல்லோரும் பாயில். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய டின்களைத் தட்டி நிமிர்த்துகிற கடை. அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நாங்கள் ஜெபம் செய்கிற நேரம் அவர்களுக்கு வேலை மும்முரம். உபதேசியார் ஒருமுறை போய்க் கேட்டார். கடைக்காரர், "ஆப்கா சண்டே, ஹமாரா தந்தா" என்று, உங்களுக்கு ஞாயிறு எங்களுக்குப் பிழைப்பு என்கிற மாதிரி, சிரித்துவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் வாசிப்பது யாருக்கும் கேட்காது. கேட்க வேண்டும் என்று இறுக்கித் தட்டுவேன். என்ன தட்டினாலும் சபையில் வருகிற சத்தம் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் உருண்டு வருகிற அதே கம்பி, சபையில் பக்கத்துக் கடை டின் மாதிரியே கத்தும். மூன்றாவது பாட்டுக்குள் மணிக்கட்டு மரத்துப்போகும். பிரசங்கம் முடிந்து கடைசிப் பாட்டு வரும்போது விரல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. கம்பி பழசு என்றோம். மாற்றினோம். மழைக்கு மரம் ஊறிவிட்டது என்றோம். பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டில், இருந்த மதினி, கண்ணேறு என்றாள். அவள் அப்பளம் இடுகிறவள், வாய் ஓயாது. கிட்டாருக்கு மிளகாய் சுற்றிப்போடலாமா என்று கேட்டாள். "சபைக்குப் போற கிட்டாருக்கு மொளகா சுத்துவாவளா?" என்றேன். "அப்ப ஜெபம் பண்ணு. ஜெபத்துலயும் தீரலைன்னா எங்கிட்ட வா, மொளகா இருக்கு" என்றாள்.

அந்த வருஷம் எங்கள் சபையில் அசனம் வைப்பதாக முடிவாயிற்று. அசனம் என்றால் எங்கள் பக்கத்தில் ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் சேர்ந்து ஆக்கி, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வேறு சபை ஆட்கள் வருவார்கள். வெளி ஆட்கள் முன்னால் வாசிப்பது யார் என்ற பேச்சு வந்தது.

கமிட்டியில் ஒரு அண்ணாச்சி இருந்தார். கடை வைத்திருந்தவர், எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். ஆராதனை முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஒனக்குக் கை முடியலன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னாவ?"

"சொல்லணுமா? காதுல விழுதுல்லா. அசனத்துக்குச் செம்பூர்ல இருந்து ஒரு தம்பி வாரான். கம்பெனில கிளார்க்கு. அவன் வாசிக்கட்டும். நீ அன்னைக்கு நல்லா உக்காந்து சாப்பிடு."

சாப்பிடு என்றார். நான் சாப்பாட்டுக்கு வருகிறவளா? என் வீட்டுக்காரர் கை போன பிறகு இத்தனை நாளும் இந்த அறையில் பாட்டு எடுத்துக் கொடுத்தது யார்? வெளி ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் ஓரமாக உட்கார வேண்டுமா? அன்று என்னை எழுப்பிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கிட்டாரை நான் தொட மாட்டேன் என்று எனக்கே தெரியும். நான் அப்படிப்பட்டவள்.

செம்பூர்த் தம்பி அடுத்த ஞாயிறே வந்தான். மரியாதையான பையன். நின்றுகொண்டு, பட்டையைத் தோளில் மாட்டி, பிளாஸ்டிக் துண்டு ஒன்றால் தட்டினான். நல்ல சத்தம். டின் கடையே கேட்டிருக்கும்.

"அக்கா, நீங்களும் இந்த பிக் வச்சு டிரை பண்ணுங்களேன். ஃபோர்ஸ் குடுக்காமலே சவுண்டு வரும்" என்று ஒன்றை என் கையில் கொடுத்தான்.

வாங்கித் தட்டிப் பார்த்தேன். ஊறின விரலில் அது நிற்கவே இல்லை, சோப்புத் துண்டு மாதிரி வழுக்கித் துளைக்குள் விழுந்துவிட்டது. அவன் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தான். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. மதினிதான் அதிகமாகச் சிரித்தாள்.

நானும் நின்று வாசிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் தோல் துண்டுகளை வைத்துப் பட்டை தைத்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். சேலை முந்தானைக்கு மேலே பட்டை போனால் முந்தானை இழுபடும், கீழே போனால் பட்டை நிற்காது. போதாததற்கு அது சரியாகப் பதப்படாத தோல், பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. தவிர, வாரமெல்லாம் நடந்த கால், ஞாயிற்றுக்கிழமையும் நிற்க மாட்டேன் என்றது. பட்டையைக் கழற்றி வெளியே மாட்டினேன். நாய் கொண்டுபோய்விட்டது.

ஒரு நாள் சாயங்காலம் கோலியில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை அறை. ஒரு மூலையில் டிரங்குப் பெட்டி, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் தரையில் படுத்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏளா, கீழ எறங்கி உக்காந்து வாசி" என்றார்.

"ஏன்? பெட்டி ஒடஞ்சிரும்னு பாக்கியளா?"

"எறங்குன்னா எறங்கு."

இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டினேன். சபையில் வருகிற அதே தகரச் சத்தம். எங்கள் கோலிக்குள்ளேயே வந்தது.

எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சம்மணம் போட்டால் முழங்கால் விரிந்து, கிட்டார் தரையில் இடித்து, சாய்ந்து மேலே ஏறிவிடுகிறது. அதன் மேல் விளிம்பு அக்குளுக்கு வந்துவிடுகிறது. கை அதன்மேல் ஏறி, வளைந்து, மறுபடி கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்குகிற கை துளைக்கு மேலே எட்டாது. பின்னால், கம்பிகளைக் கட்டியிருக்கிற கட்டைக்குப் பக்கத்தில்தான் விழும். அங்கே கம்பி விறைப்பாக இருக்கும். தட்டினால் கத்தும். மணிக்கட்டு மடங்கியே இருப்பதால் உதறவும் முடியாது. உதற முடியாத கை தோளைக் கூப்பிடும். தோள் வந்தால் மாவாட்டுதான்.

பெட்டிமேல் உட்கார்ந்தால் தொடை சமமாக நிற்கிறது. கிட்டார் தொடையில் படிகிறது. முழங்கையைச் சும்மா அதன்மேல் போட்டால் போதும், கை தானாகத் துளைக்கு மேலே தொங்குகிறது. மணிக்கட்டு நேராக இருக்கிறது.

இத்தனை நாளும் வீட்டில் பெட்டிமேல் உட்கார்ந்து பழகிவிட்டு, சபையில் பாயில் உட்கார்ந்து வாசித்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சபையென்றால் பாய், அது எங்களுக்குச் சுவர் மாதிரி. சுவரை யாராவது குறை சொல்வார்களா? கம்பியைச் சொன்னோம், மழையைச் சொன்னோம், கண்ணேறைச் சொன்னோம்.

மறுநாள் மெஸ்ஸுக்குப் போகும் வழியில் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சியும் அங்கே இருந்தார்.

"ஐயா, சபையில எனக்கு ஒரு ஸ்டூல் வேணும்."

"ஸ்டூலா? எதுக்கும்மா?" என்றார் உபதேசியார்.

"கிட்டார் வாசிக்க."

"மடியில வச்சு வாசிக்கிறதுதான?"

"சம்மணம் போட்டா மடி ஏது ஐயா?"

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சிக்கு வரவில்லை.

"ஐயரம்மா வந்தாக்கூட பாயிலதான் இருக்காவ. ஆம்பளையெல்லாம் கீழ இருக்க, நீ ஸ்டூல் போட்டு மேல இருந்தா நல்லாவா இருக்கும்? வெளி ஆள்லாம் வார நாளு."

"நான் மேல இருக்கணும்னு கேக்கல அண்ணாச்சி. கை கீழ எறங்கணும்னு கேக்கேன்."

"அதெல்லாம் எனக்கு வெளங்காது. செம்பூர்த் தம்பி நின்னுக்கிட்டு வாசிப்பான். ஒரு தொந்தரவும் இல்ல."

உபதேசியார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பாப்போம்மா" என்றார். பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கெஞ்சுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்று மெஸ்ஸில் மாவு சரியாக அரைபடவில்லை என்று பேச்சு வாங்கினேன்.

எங்கள் சபையில் பெண்கள் பக்கச் சுவரோரமாக ஒரு மரப்பெட்டி உண்டு. கைப்பிடி அரிசிப் பெட்டி. ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியில் கொட்டுவோம். வீட்டில் குறைவாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. அது பெண்களின் காணிக்கை.

அசனத்தன்று காலையில் அந்த அரிசியை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்ச் சந்தில் வைத்திருந்த அண்டாவில் போட்டுவிட்டார்கள். அறை நிறைய ஆட்கள். மாட்டுங்காக்காரர்கள் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். செம்பூர்த் தம்பி கிட்டாரோடு கதவோரம் நின்றான். என் கிட்டாரை நானும் கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதில்லாமல் அந்தச் சந்துக்குள் நடந்து பழக்கமில்லை.

பாயில் இடமில்லை. சுவரோரம் போய் நின்றேன். கால் வலித்தது. பக்கத்தில் பெட்டி வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடந்தது. மதினி என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அதிசயம். எழுந்து வந்து மூடியைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

நான் அதன்மேல் உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி பார்த்துவிட்டு ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"ஏம்மா, எந்திரி. அது காணிக்கைப் பெட்டி."

எனக்கு முன்னால் மதினி வாயைத் திறந்தாள்.

"காணிக்கை வெளிய அண்டாவுல வேகுது அண்ணாச்சி. இது வெறும் பெட்டி."

"வெறும் பெட்டின்னாலும் சபைப் பெட்டி."

"சபைப் பெட்டிதான். ஆனா அதுல அரிசி போட்டது யாரு? நீங்க ஒரு நாளாவது ஒரு பிடி போட்டிருக்கியளா? ஒங்க வீட்டு அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அண்ணாச்சியின் மனைவி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளும் வாய் திறக்காதவள். "நேரமாச்சி, வந்து உக்காருங்க" என்றாள், தலையைத் திருப்பாமலே. மாட்டுங்காக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் அவசரமாகப் பாட்டின் எண்ணைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவோரம் பார்த்துத் தலையசைத்தார். செம்பூர்த் தம்பி நகரவில்லை.

"அக்கா எடுக்கட்டும் சார். வெளில சாப்பாட்டுக்கு நான் வாசிக்கறேன்" என்றான்.

எடுத்தேன். முழங்கையைக் கிட்டார்மேல் போட்டேன். கை தானாகப் போய்த் துளைக்கு மேலே தொங்கியது. உதறினேன்.

டின் கடைக்காரர்கள் அன்றைக்கும் தட்டினார்கள், அவர்கள் எதற்கு நிறுத்தப்போகிறார்கள்? அதோடு போட்டிபோட்டு நான் தட்டவில்லை. பலம் இருந்தால்தானே. கோலியில் வருகிற சத்தம் அப்படியே வந்தது. சின்னச் சத்தம்தான். பெண்கள் பக்கம் கேட்டது. அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். ஆண்கள் பெண்களைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். மூன்றாவது பாட்டு வந்தது, விரல் இருந்தது. கடைசிப் பாட்டு வந்தது, அப்போதும் இருந்தது. வலி இல்லையென்று சொல்ல மாட்டேன். வாரம் முழுதும் ஆட்டின கைக்கு ஒரு பெட்டி என்ன செய்துவிடும்? மரத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

முடிந்ததும் அண்ணாச்சி, "பின்னால ஒண்ணுமே கேக்கலியே" என்றார், பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோல. என் வீட்டுக்காரர் பின்வரிசையில்தான் இருந்தார். "எனக்குக் கேட்டுச்சி" என்றார். அவர் அதற்குமேல் பேசுகிற ஆள் இல்லை.

வெளியே சந்தில் வரிசையாக இலை போட்டார்கள். செம்பூர்த் தம்பி நின்றுகொண்டு, அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே கையை வைத்து அடித்தான். வெட்டவெளிக்கு அந்தச் சத்தம்தான் சரி. நான் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணாச்சிதான் எனக்குச் சோறு வைத்தார். நிறையவே வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை, சோற்றைப் பிசையக் கை வரவில்லை. மதினி உருட்டி இலையில் வைத்தாள். அவள் உருட்டியதை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அரிசியைக் கொண்டுபோனேன். பெட்டிப் பக்கம் போனால், அதற்குமுன்பே மதினி ஒரு பெரிய வனஸ்பதி டின்னைச் சுவரோரம் வைத்திருந்தாள். எனக்கு முன்னால் வந்த பெண்களெல்லாம் அதில்தான் கொட்டியிருந்தார்கள். பெட்டி காலி. ஆராதனை தொடங்குமுன் உபதேசியார் அறிவிப்புச் சொன்னார். பெட்டிக்குள் எலி வருவதால் இனிமேல் கைப்பிடி அரிசியை டின்னில் போடும்படி கமிட்டி தீர்மானித்திருக்கிறதாம். அண்ணாச்சி முன்னால் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாட்டின் எண்ணைச் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு வாசிக்கிற தெம்பே இல்லை. முந்தின நாள் மெஸ்ஸில் யாருக்கோ விசேஷம் என்று கூடுதலாக ஆட்டியிருந்தேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தேன். சேலையின் பின்பக்கம் முழுதும் பெட்டி மூடியில் படிந்திருந்த அரிசித் தவிடு ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.